கறுப்பு மையின் கெடுபிடி

எழுத்துக்கு நிறம் போடுகிறவனைப் படித்தவர்கள் கூட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. அழுத்தம் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தடித்த எழுத்து, அதுவும் பார்த்துப் பார்த்து. அதற்கு மேல் ஒருவன் சிவப்பையோ நீலத்தையோ தொட்டால் அவன் சின்னப் பையன், அல்லது ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எழுதுகிறவன். வரிக்கு ஒரு நிறமாக மின்னஞ்சல் அனுப்பும் அலுவலகப் பெரியவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியும். பதிப்பகத்தில் இதையே மரியாதையாகச் சொல்வார்கள்: "உள்ளே கலர் வேண்டாம் சார், பஞ்சாங்கம் மாதிரி ஆயிடும்." கணினிக்காரர்களோ, அடைப்புக்குறிக்குள் நிறத்தின் பெயரை எழுதி ஒரு வரியைச் சிவப்பாக்கும் வழக்கத்தையே தொண்ணூறுகளின் தொற்றுநோய் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த ஏளனத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். நல்ல எழுத்து சொல்லின் பலத்தில் நிற்கும். நிறத்தைத் தேடிப் போகிறவனுக்குச் சொல்லில் வலு இல்லை என்பது அந்தக் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பு ஒன்றே போதும் என்ற முடிவை எடுத்தவர் எழுத்தாளரும் இல்லை, வாசகரும் இல்லை. அச்சகத்தின் பில் எடுத்த முடிவு அது. பிறகு நாம் அதற்கு அழகியல் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பழைய எகிப்தின் எழுத்தர் கையில் வைத்திருந்த மைப்பலகையில் இரண்டு குழிகள் இருக்கும். ஒன்றில் கறுப்பு, ஒன்றில் சிவப்பு. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் ஒரு மருத்துவச் சுவடி. அதில் நோயின் தலைப்பும் மருந்தின் அளவும் சிவப்பில் இருக்கின்றன. வைத்தியன் அவசரத்தில் சுருளைப் பிரித்துப் பார்த்தால் கண் நேராக அளவில் போய் நிற்கவேண்டும். அந்தச் சிவப்பை அலங்காரம் என்று யாராவது சொன்னால், அவருக்கு அளவு மாறி மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளிலும் இதே வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தது. ஒருவர் கறுப்பில் எழுதிக்கொண்டே போவார். தலைப்புக்கும் முதலெழுத்துக்கும் இடம் விட்டிருப்பார். இன்னொருவர் பின்னால் வந்து சிவப்பையும் நீலத்தையும் நிரப்புவார். பக்கம் முழுவதும் கறுப்பாக இருந்தால் அது வேலை முடியாத பக்கம்.

அச்சு வந்ததும் என்ன ஆயிற்று? குட்டன்பர்க் 1455 வாக்கில் அச்சிட்ட பைபிளின் தொடக்கப் பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பில் அச்சடித்துப் பார்த்தார். அதற்கு ஒவ்வொரு தாளையும் இரண்டாம் முறை அச்சுக்குள் விட வேண்டியிருந்தது. சில பக்கங்களிலேயே கைவிட்டுவிட்டார். தலைப்புக்கான இடத்தைக் காலியாக விட்டு, எங்கே எதைச் சிவப்பில் எழுதவேண்டும் என்று தனியாக ஒரு வழிகாட்டிப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் ஆள் வைத்து எழுதிக்கொண்டார்கள். அதாவது நிறம் தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை. கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அவரிடமிருந்து பிரிந்த ஃபுஸ்டும் ஷோஃபரும் 1457இல் மைன்ஸ் நகரில் வெளியிட்ட பைபிள் சங்கீதப் புத்தகத்தில் சிவப்பும் நீலமுமான முதலெழுத்துகளை அச்சிலேயே கொண்டுவந்து, செய்து காட்ட முடியும் என்றும் நிரூபித்தார்கள். செலவைத் தாங்கத்தான் ஆள் இல்லை.

நம் ஊர் ட்ரெடில் அச்சு மிஷின் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பு ஓடி முடிந்ததும் மிஷினை நிறுத்தி, உருளைகளில் உள்ள மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சிவப்பு மை ஏற்றி, அதே தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகக் கையால் கொடுக்க வேண்டும். தாள் நூலளவு நகர்ந்தால் ரிஜிஸ்டர் போயிற்று. சிவப்புத் தலைப்பு கறுப்பு வரியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆஃப்செட்டிலும் கணக்கு மாறவில்லை. ஒரு பாரத்துக்கு ஒரு கலர் என்றால் ஒரு பிளேட், இரண்டு கலர் என்றால் இரண்டு. இருநூறு பக்க நாவலில் நாலு இடத்தில் சிவப்பு வேண்டும் என்று கேட்கிற எழுத்தாளரைப் பதிப்பாளர் எப்படிப் பார்ப்பார் என்பது தெரிந்ததே. கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதே அநாகரிகம் என்று ஆயிற்று.

அப்படிக் கேட்ட எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லில் வலுவில்லாதவர் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். வில்லியம் ஃபாக்னர் 1929இல் வெளியிட்ட 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' நாவலின் முதல் பகுதியில் பெஞ்சி என்பவனின் நினைவு ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு வாக்கியத்தின் நடுவிலேயே தாவும். ஒவ்வொரு காலத்தையும் ஒவ்வொரு நிற மையில் அச்சிட முடிந்தால் நன்றாயிருக்கும் என்று ஃபாக்னர் விரும்பினார். பதிப்புத் தொழில் அந்த அளவுக்கு வளரவில்லை என்று அவருக்கே தெரிந்திருந்ததால் சாய்வெழுத்தோடு சமாதானம் ஆனார். 2012இல் லண்டன் ஃபோலியோ சொசைட்டி அந்த ஆசையை நிறைவேற்றியது: 14 நிறங்கள், 1,480 பிரதிகள் மட்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் திணறிய பகுதி அது. எழுதியவரே தேவை என்று கருதிய ஒரு கருவியைக் காசில்லாமல் விட்டுவிட்டு, விட்டதற்குத் தூய்மை என்று பெயர் சூட்டியவர்கள் நாம். ஜெர்மன் எழுத்தாளர் மிஷாயில் எண்டே அதிர்ஷ்டசாலி. அவருடைய 'முடிவில்லாக் கதை' 1979இல் இரு நிறத்தில் வந்தது. சிறுவன் இருக்கும் உலகம் சிவப்பில், அவன் படிக்கும் கதையின் உலகம் பச்சையில். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வக்கீல் பியாட்ரிஸ் வார்ட். அச்செழுத்து கண்ணாடிக் கோப்பை மாதிரி இருக்கவேண்டும், உள்ளே இருக்கும் மதுவின் நிறம் தெரியவேண்டுமே தவிரக் கோப்பையின் வேலைப்பாடு தெரியக்கூடாது என்று 1930இல் லண்டனில் அவர் ஆற்றிய உரை இன்றும் வடிவமைப்பு மாணவர்களுக்கு வேதபாடம். ஒரே குரலில், ஒரே ஓட்டத்தில் செல்லும் உரைநடைக்கு அவர் சொன்னது சரி. அங்கே நிறத்துக்கு வேலை இல்லை, நானும் போடமாட்டேன். ஆனால் உலகத்தின் நூல்களில் பாதி ஒரே குரலில் பேசுவதில்லை. மூலமும் உரையும், சட்டமும் திருத்தமும், நாடகத்தின் வசனமும் மேடைக் குறிப்பும், மந்திரமும் அதைச் சொல்லும்போது செய்யவேண்டிய சடங்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அங்கே எந்தச் சொல் யாருடையது என்று தெரிவதுதான் தெளிவு.

கத்தோலிக்கத் திருப்பலி நூலைத் திறந்து பாருங்கள். குருவானவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது கறுப்பில் இருக்கும். கைகளை விரிக்கவும், தலை வணங்கவும் போன்றவை சிவப்பில் இருக்கும். கறுப்பைச் சொல், சிவப்பைச் செய் என்பது அங்கே புதுக் குருக்களுக்குச் சொல்லப்படும் பாலபாடம். இரண்டையும் ஒரே கறுப்பில் அடித்தால், "இங்கே மௌனமாக இருக்கவும்" என்பதைச் சத்தமாக வாசித்துவிடுகிற ஆபத்து உண்டு. பழைய குர்ஆன் சுவடிகளில் மெய்யெழுத்துகள் கறுப்பு மையில் இருக்கும்; உயிரொலியைக் காட்ட வைத்த புள்ளிகள் சிவப்பில் இருக்கும். மறைநூலின் எழுத்து எது, ஓதுபவனுக்கு உதவியாகப் பின்னால் சேர்த்தது எது என்ற வேறுபாட்டை மையின் நிறமே காத்தது. ஓதும் முறையைக் காட்டும் இன்றைய தஜ்வீத் பதிப்புகளில் எங்கே நீட்டவேண்டும், எங்கே மூக்கொலி வரவேண்டும் என்று நிறங்கள் சொல்கின்றன. இவற்றை ஓதுகிறவர்களைவிடக் கண்டிப்பான வாசகர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்?

இயேசுவின் சொற்களைச் சிவப்பில் அச்சிடும் வழக்கம் இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. நியூயார்க்கில் பத்திரிகை நடத்திய லூயி க்ளோப்ஷ் 1899இல் அப்படிப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அதில் ஒரு சிக்கல் உண்டு. யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் பேசிக்கொண்டே வருகிறார். அவர் பேச்சு எந்த இடத்தில் முடிந்து, நற்செய்தியாளரின் பேச்சு எந்த இடத்தில் தொடங்குகிறது? கிரேக்க மூலத்தில் மேற்கோள் குறியே கிடையாது. சில பதிப்புகள் 15ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, சில 21 வரை போகின்றன. மிகப் பலர் மனப்பாடம் செய்திருக்கும் 16ஆம் வசனம் அந்த எல்லையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்தீர்களா, நிறம் மூலத்தைத் திரிக்கிறது என்பார்கள். நான் இதையே என் பக்கச் சாட்சியாக நிறுத்துவேன். கறுப்பில் அச்சிட்ட பதிப்பாசிரியர் அந்தக் கேள்வியைப் பூசி மெழுகிவிட்டுப் போய்விட முடியும். சிவப்பு மை எடுத்தவர் தன் முடிவைப் பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். அது தப்பென்றால் நாமும் கேட்க முடியும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சிவப்பில் இருப்பதே முக்கியம், மற்றதெல்லாம் சும்மா என்று வாசகன் எடுத்துக்கொண்டால் கேடுதான். அந்தக் கேடு வேறு இடங்களிலும் உண்டு, பின்னால் வருகிறேன்.

கணினி நிரல் எழுதுகிறவர்களைக் கேளுங்கள். இன்று அநேகமாக ஒவ்வொருவர் திரையிலும் நிரல் பல நிறத்தில்தான் இருக்கிறது: கட்டளைச் சொல் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது ஒரு நிறம், குறிப்புரை மங்கலாக. இந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒன்று, ஐபிஎம்மில் மைக் கவுலிஷா 1985இல் எழுதிய லெக்ஸ் என்னும் தொகுப்பான். அவர் அதை எழுதியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினியில் ஏற்றும் வேலைக்காக. தலைச்சொல், உச்சரிப்பு, பொருள், மேற்கோள் என்று குரல்கள் நெரிசலாக இருக்கும் பக்கம் அகராதிப் பக்கம்தானே. சார்ல்ஸ் மூர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய கலர்ஃபோர்த் மொழியில் நிறமே இலக்கணம்: சிவப்பில் எழுதிய சொல் புதிதாக வரையறுக்கப்படுகிறது, பச்சையில் எழுதியது தொகுக்கப்படுகிறது, மஞ்சளில் எழுதியது உடனே இயங்குகிறது. வேறு மொழிகளில் குறிகள் செய்யும் வேலையை அங்கே நிறம் செய்கிறது.

கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் இதையெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று சொன்னவர். குழந்தையாக இருந்தபோது நிறக் குச்சிகளை வைத்துக் கணக்குக் கற்றேன், வளர்ந்த பிறகு ஒரே நிற எண்களைத்தான் பயன்படுத்துகிறேன் என்பது அவர் வாதம். சாமர்த்தியமான பேச்சு. ஆனால் நட்டத்தைச் சிவப்பில் எழுதிய கணக்கர்களிடமோ, பங்குச் சந்தைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடமோ இதைச் சொல்லிவிட்டு வர முடியாது. பெரியவர்களின் எண்கள் எப்போதோ நிறம் மாறிவிட்டன.

நம் ஊரில் நிறத்துக்குச் சொல்லும் திறன் இல்லை என்று சொல்கிறவர் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்க்காதவராக இருக்கவேண்டும். தேதி சிவப்பில் இருந்தால் அன்று விடுமுறை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது தெரியும். பச்சை மையில் கையெழுத்து வாங்கிவா என்றால் எந்த நிலை அதிகாரியைப் பார்க்கவேண்டும் என்று சான்றொப்பத்துக்கு அலைந்த எவருக்கும் புரியும். மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு, கோப்பில் பச்சை மையையும் சிவப்பு மையையும் யார் எப்போது பயன்படுத்தலாம் என்று விதியே வைத்திருக்கிறது. பொதுத்தேர்வு வினாத்தாளின் தலையில் நீலம் அல்லது கறுப்பு மையால்தான் எழுதவேண்டும், அடிக்கோடிடவும் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். சிவப்பு அழகாக இல்லை என்பதா காரணம்? சிவப்பு திருத்துகிறவரின் குரல்; மாணவன் அதைப் பேசக்கூடாது. கல்யாணப் பத்திரிகையை முழுக்கக் கறுப்பு மையில் அடித்துக்கொண்டுபோய்ப் பெண்வீட்டாரிடம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், நிறத்துக்குப் பொருள் உண்டா இல்லையா என்று.

இனி அந்த அடைப்புக்குறிகள். தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி எழுத்தின் நிறத்தை மாற்றும் குறியைக் கொண்டுவந்தது. 1997 ஜனவரியில் எச்டிஎம்எல் 3.2 அதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, இதைக் கைவிடுங்கள் என்றது. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வலையின் பெரியவர்களே நிறத்துக்குத் தடை போட்டார்கள் என்று பேசுகிறார்கள். அவர்கள் சொன்னது வேறு. நிறத்தை வாக்கியத்தின் நடுவில் செருகாதே, தனியாக இருக்கும் நடைத்தாளில் எழுது என்றார்கள். அப்படிச் செய்தால் இது எச்சரிக்கை, இது மேற்கோள் என்று வரியின் பணியை முதலில் குறிக்கலாம். எச்சரிக்கைக்கு என்ன நிறம் என்பதை ஓரிடத்தில் முடிவு செய்யலாம். நான் மேலே சொன்ன எகிப்திய எழுத்தரின் முறைக்கு இதைவிட நெருக்கமானது இல்லை. ஆனால் 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் எழுத்துமுறையில் நிறத்துக்கு இடமே இல்லை. வாட்ஸ்அப்பிலும் தடித்தது, சாய்ந்தது, அடித்தது எல்லாம் உண்டு, நிறம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், வலை முழுவதும் நிற்பதே ஒரு நிற எழுத்தின் மேல். 1993இல் மொசைக் உலாவி இணைப்புகளை நீலத்தில் காட்டியது. நீலம் என்றால் தொடலாம் என்று கோடிக்கணக்கானவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றுக்கொண்டார்கள். நிற எழுத்தைக் கேலி செய்பவர்களும் அந்த நீலத்தின் மேல்தான் விரலை வைக்கிறார்கள்.

கண்ணுக்கு உறுத்துகிறது என்ற புகார் உண்மையானது. அதன் காரணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது வலை அணுகல் நெறிகளின் கணக்கு. எச்டிஎம்எல் பெயர் சூட்டிக் கொடுத்த 16 நிறங்களை வெள்ளைத் திரையில் வைத்துக் கணக்குப் போட்டால் கறுப்பையும் சேர்த்து 7 தான் தேறுகின்றன. கருநீலம், நீலம், அரக்கு, ஊதா, பச்சை, கரும்பச்சை கலந்த நீலம் ஆகியவை தப்பிக்கும். மஞ்சளின் விகிதம் 1.07, அதாவது இருந்தும் இல்லாத மாதிரி. எல்லோரும் முதலில் கை வைக்கும் சுத்தச் சிவப்பு 4ஐத் தாண்டவில்லை. கொடுத்த தட்டிலேயே பாதிக்கு மேல் உதவாத நிறம் என்றால், சாப்பிட்டவன் வயிற்றைக் குறை சொல்லி என்ன பயன்? சிவப்பைக் கொஞ்சம் கறுக்கவிட்டு அரக்காக்கினால் 10ஐத் தாண்டிவிடும்.

நிறக்குருடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பது இதைவிடக் கனமான கேள்வி. வட ஐரோப்பிய வம்ச ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் சிரமம் உண்டு. அவர்களில் ஒரு வகையினருக்குச் சிவப்பு எழுத்து கறுப்பிலிருந்து எளிதில் பிரிந்து தெரியாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பி ஒரு செய்தியைச் சொல்லாதே என்கின்றன அதே நெறிகள். மட்டும் என்ற சொல்லை எதிர்த்தரப்பு வசதியாக விழுங்கிவிடுகிறது. இணைப்புக்கு நீலத்தோடு அடிக்கோடும் இருக்கிறது. காலண்டரில் சிவப்போடு விடுமுறையின் பெயரும் இருக்கிறது. துணைக்கு ஒரு குறி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் தடித்த எழுத்தும்தான் பெரும்பாலும் தெரிவதில்லை. அதற்காகத் தடித்த எழுத்தை யாரும் ஒழிக்கக் கிளம்பவில்லை.

முன்னே தள்ளிவைத்த கேடு இதுதான்: நிறத்தைக் குரலாகப் பயன்படுத்தாமல் கூச்சலாகப் பயன்படுத்துவது. முக்கியம் என்று ஒரு வரியைச் சிவப்பாக்கினால் அடுத்த வரி கோபித்துக்கொள்ளும். அதையும் சிவப்பாக்கினால் மூன்றாவது வரிக்கு ஆரஞ்சு வேண்டும். மாணவர்கள் பாடப்புத்தகத்தில் மஞ்சள் மார்க்கர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; கடைசியில் போடாத வரிதான் தனித்துத் தெரியும். அலுவலகப் பெரியவரின் மின்னஞ்சல் இந்த ரகம். அவர் மேல் இருக்கும் கடுப்பை நிறத்தின் மேல் காட்டுவது நியாயமில்லை. அவரிடம் தடித்த எழுத்தை மட்டும் விட்டுவைத்தாலும் கடிதம் முழுவதையும் தடித்த எழுத்தில்தான் அனுப்புவார்.

நிறத்தைக் குரலாக ஆளவேண்டிய கட்டாயம் தமிழுக்கு மற்ற பல மொழிகளைவிட அதிகம். ஓலையில் எழுத்தாணியால் கீறி, மேலே கரி தடவினால் எழுத்து தெரியும்; அங்கே இரண்டாவது நிறத்துக்கு வழியில்லை. மூலம், உரை, உரைக்குள் வரும் மேற்கோள் எல்லாம் பெரும்பாலும் புள்ளியும் நிறுத்தமும் இல்லாமல் ஒரே ஓட்டமாகக் கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. அவர்களுக்குக் கையில் இருந்தது ஒரு கலர் அச்சு. நமக்கு என்ன வந்தது? தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என்று ஐந்து பேர் உரை இருக்கிறது. ஒரு நூற்பாவுக்கு ஐவர் உரையையும் ஒரே திரையில் போட்டு, ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்து, யார் யாரை மறுக்கிறார் என்று காட்டுவதற்கு இன்று பிளேட்டும் வேண்டாம், ரிஜிஸ்டரும் வேண்டாம். ஆனாலும் மின்னூல் போடுகிறவர்கள் அந்தப் பழைய ஒற்றைக் கலர்ப் பக்கத்தையே அப்படியே திரைக்குப் பெயர்த்து வைக்கிறார்கள். வெண்பாவில் எதுகையைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதிக்காட்டிய தமிழாசிரியர் இந்த விஷயத்தில் அவர்களைவிட நவீனமானவர்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு தொழில்நுட்ப முட்டுக்கட்டை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் வகுப்புக் குழந்தைக்கு 'கொ' என்ற எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ககரம் கறுப்பிலும், அதன் இரு பக்கமும் நிற்கும் கொம்பும் காலும் சிவப்பிலும் இருக்கவேண்டும். ஓகார வரிசைக்கும் இப்படித்தான். கையால் எழுதினால் அரை நிமிட வேலை. கணினியில் அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து ககரத்துக்குப் பின்னால் வரும் ஒரே குறியீடு. திரையில் வரையும்போதுதான் அது இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் போய் நிற்கிறது. ககரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு நிறக் குறியைச் செருகினால் பல மென்பொருள்களில் உயிர்மெய் உடைந்து, துணையில்லாத குறிக்கு அடையாளமாகப் புள்ளிவட்டம் ஒன்று எட்டிப் பார்க்கலாம். பாடநூல் வடிவமைப்பவர்கள் எழுத்தைப் படமாக மாற்றி, துண்டு துண்டாக வெட்டி நிறம் ஏற்றுகிறார்கள். படமாகிவிட்டால் அதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. எழுத்துருவும் உலாவியும் செய்கிறவர்களிடம் போய் இதைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்கவேண்டியது நாம்தான். நிற எழுத்து அநாகரிகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் அங்கே போய்க் கேட்க ஆள் இருக்காது.